டிவிடி டிரைவ் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய கணினிகளில் டிவிடி டிரைவ் பொருத்திக் கொடுக்கும் வழக்கம் அருகிவிட்டது. ஆனால் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கலியாண இறுவட்டோ கோயில் திருவிழா இறுவட்டோ இல்லாத அலுமாரி குறைவு. அவற்றை வன்தட்டுக்கு மாற்றிவைக்க விரும்பி இப்போது டிரைவ் வாங்குவோர், பல வருடங்களுக்கு முன் கண்ட அதே பிழைகளையே திரும்பவும் விடுகிறார்கள். வட்டைத் தலைகீழாக வைப்பது போன்றவற்றைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கு எழுதவில்லை.

மின்சாரம் போதாத இணைப்பு

மெல்லிய வெளி டிரைவுக்கெனத் தனி மின்சாரம் கிடையாது. மோட்டாரைச் சுழற்றவும் லேசரை எரியவைக்கவும் தேவையான முழுவதையும் அது யூஎஸ்பி துளையிலிருந்தே எடுக்கிறது. யூஎஸ்பி 2.0 தரத்தின்படி ஒரு துளை தரவேண்டியது 500 மில்லி அம்பியர், 3.0 என்றால் 900. வட்டு சுழலத் தொடங்கும் கணத்திலும் எழுதும்போதும் பல டிரைவுகள் அதற்கு மேலும் கேட்கும். பாட்டு இறுவட்டு சிக்கலின்றி ஓடுவதால் டிரைவில் குறையில்லை என்றே எவரும் நம்புவார்கள். டிவிடி எழுதத் தொடங்கிப் பாதி வழியில் மோட்டார் தளர்ந்து, "டக், டக்" என்ற சத்தத்துடன் டிரைவ் கணினியிலிருந்து மறையும்போது, பழி முதலில் வெற்று வட்டின் மீதும் பிறகு டிரைவின் மீதும் விழுகிறது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த தம்பி ஒருவர், முதல் டிரைவ் பழுது என்று நம்பி இரண்டாவதையும் வாங்கி, அதுவும் எழுதவில்லை என்று இரண்டையும் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். வீட்டில் அவர் கேசிங்கின் முன்பக்கத் துளையில் நீளமான வயரைச் செருகி, அதன் முனையில் தனி மின்சாரம் இல்லாத ஹப் (ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் சிறு பெட்டி) ஒன்றை மாட்டி, வெளி வன்தட்டையும் டிரைவையும் அதிலேயே இணைத்திருந்தார். மதர்போர்டின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகியதும் இரண்டு டிரைவுகளும் பிசகின்றி எழுதின. ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய வட்டுகள் பல வீணாகி, இரண்டாவது டிரைவின் விலையும் போன பிறகு இது தெரியவருவது எனக்கு இன்றும் எரிச்சலைத் தருகிறது. விற்கும்போதே ஹப்பில் மாட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மேசைக் கணினியில் 5.25 அங்குல இடம் இருந்தால், பவர் சப்ளையிலிருந்து நேரடியாக மின்சாரம் பெறும், கணினிக்குள் சாட்டா (SATA) என்ற இணைப்பில் பொருத்தும் டிரைவையே வாங்குங்கள்; மதர்போர்டில் சாட்டா துளையும், பவர் சப்ளையில் அதற்கான வயரும் மீதம் உள்ளனவா என்பதை முதலில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். மடிக்கணினிக்கு, இரு யூஎஸ்பி முனைகள் கொண்ட வயருடன் வரும் டிரைவ் பாதுகாப்பானது.

வேக எண்ணைப் பார்த்து வாங்குதல்

பெட்டியில் போட்டிருக்கும் 24 மடங்கு (24x) எழுதும் வேகம் வட்டின் வெளி விளிம்பை நெருங்கும்போதுதான் எட்டப்படுகிறது. பழைய வட்டுகளைப் படிக்க அந்த எண் உதவாது.

படம் பார்க்க புளூ-ரே

புளூ-ரே என்பது டிவிடியை விட அதிகம் கொள்ளும் வட்டு. சில டிரைவுகள் புளூ-ரேயைப் படிக்கும், ஆனால் டிவிடியை மட்டுமே எழுதும். பெட்டியைக் கவனமாக வாசியுங்கள். புளூ-ரே படம் ஓட விண்டோஸ் மட்டும் போதாது, தனி மென்பொருள் வேண்டும். டிவிடிக்கு இலவச விஎல்சி போதும்.

பிராந்திய எண்

படம் உள்ள டிவிடி எந்த நாடுகளில் ஓடும் என்பதைக் குறிக்கும் எண் இது; டிரைவின் எண்ணும் அதோடு பொருந்த வேண்டும். இலங்கை 5, கனடா 1, ஐரோப்பாவின் பெரும்பகுதி 2. உறவினர் கொண்டுவந்த படத்துக்காக டிரைவின் எண்ணை ஐந்து தடவைகள்தான் மாற்றலாம். அதன்பின் கடைசி எண்ணிலேயே நின்றுவிடும்.

தடிப்பு

மடிக்கணினியின் உள் டிரைவ் 9.5 மில்லிமீற்றரா 12.7 மில்லிமீற்றரா என்று அளக்காமல் வாங்க வேண்டாம்.

சிறிய வட்டுகள்

பழைய ஹேண்டிகேம்களின் 8 சென்ரிமீற்றர் வட்டுகள் உங்களிடம் இருந்தால், தட்டு வெளியே வரும் டிரைவையே தேர்ந்தெடுங்கள். வட்டைத் தானாக உள்ளிழுக்கும் வகையில் அவை சிக்கிக்கொள்ளும். அந்த வட்டைக் கமராவில் 'ஃபைனலைஸ்' செய்யாமல், அதாவது மற்றக் கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்துவைக்காமல், விட்டிருந்தால், எந்த நல்ல டிரைவிலும் அது வெற்று வட்டாகவே தெரியக்கூடும். ஆகவே டிரைவ் வாங்க முன் அந்தக் கமராவைத் தேடியெடுத்து, மின்கலத்தை ஏற்றி, அதிலேயே அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.