'கல்ச்சர்' என்று சொல்லும்போது நாம் சறுக்கும் இடங்கள்

கொருக்குப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா டாக்டர் சீட்டோடு வந்தார். "தம்பி, யூரின் கல்ச்சர்னு எழுதிக் குடுத்துக்கிறாங்க. இதுல இன்னா கல்ச்சர்?" என்று கேட்டார். அதே வாரம்தான் அவர் மகன் ஒரு நேர்காணலுக்குப் போய் வந்திருந்தான். வேலை தெரிந்த பையன். "எங்க கம்பெனி கல்ச்சருக்கு ஒத்து வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரே சொல்தான், ஆனால் தாய்க்கு ஒரு பொருள், மகனுக்கு இன்னொன்று.

குரோபர், குளுக்ஹோன் என்ற இரண்டு அமெரிக்க மானிடவியலாளர்கள் 1952இல் இந்தச் சொல்லுக்கு 164 வரையறைகளைத் திரட்டினார்கள். அத்தனையும் நமக்கு வேண்டாம். எங்கே சறுக்குகிறோம் என்று தெரிந்தால் போதும்.

வேர்ச்சொல்லே உண்மைப் பொருள் என்று பிடித்துக்கொள்வது முதல் சறுக்கல். லத்தீனில் 'கொலெரே' என்றால் நிலத்தைப் பேணுவது, குடியிருப்பது, வழிபடுவது. 'அக்ரிகல்ச்சர்' அதிலிருந்துதான் வந்தது. 'காலனி'யும் அதே வேர். மனத்தை உழுது பண்படுத்துவதே தத்துவம் என்ற கருத்தை ரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 45 வாக்கில் எழுதியபோது, சொல் வயலிலிருந்து மனிதனுக்குள் வந்தது. ஆய்வகம் பழைய பொருளையே வைத்திருக்கிறது. கிருமி இருக்கிறதா என்று தட்டில் ஊட்டம் போட்டு வளர்த்துப் பார்க்கிறார்கள். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆவது அதனால்தான். "வளர்த்துப் பாக்குற டெஸ்ட்டுக்கா" என்றதும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் இதே வேரைக் காட்டி, "உழவிலிருந்து வந்த சொல், ஆகவே கல்ச்சர் கிராமத்தில்தான் இருக்கிறது" என்று ஒரு மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களையும் பெரம்பூர் பின்னி மில்லில் தறி ஓட்டியவர்களையும் எங்கே வைப்பது? அந்த மில் தொழிலாளர்களைச் சுற்றித்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. சேர்ந்து நின்று கேட்கும் பழக்கமும் மனிதர்கள் வளர்த்தெடுத்ததுதானே.

தமிழில் வேறு மாதிரி குழப்பம். பண்பாடு, நாகரிகம், கலாசாரம் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். 'பண்பு' பழைய சொல். 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்கிறது கலித்தொகை, அதாவது பிறர் இயல்பை அறிந்து நடப்பது. 'பண்பாடு' சென்ற நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ரசிகமணி டி.கே.சி. என்று தமிழறிஞர் வையாபுரிப்பிள்ளை குறித்திருக்கிறார். 'நாகரிகம்' நகரத்தோடு ஒட்டிய சொல் என்றாலும், குறளில் அது வருவது கண்ணோட்டம் அதிகாரத்தில். பழகியவர் நஞ்சு ஊற்றுவதைப் பார்த்தும் முகம் முறியாமல் குடிப்பவரையே 'நயத்தக்க நாகரிகம்' வேண்டுபவர் என்கிறார் வள்ளுவர். இன்றைய பொருளை எடுத்துக்கொண்டுபோய் அந்தக் குறளில் வைத்தால் ஒன்றும் விளங்காது.

எனக்கு அதிகம் வலிப்பது அடுத்தது. இங்கிலாந்தில் கவிஞரும் விமர்சகருமான மேத்யூ ஆர்னால்டு 1869இல், உலகில் சிந்திக்கப்பட்டதிலும் சொல்லப்பட்டதிலும் சிறந்ததை அறிவதே கல்ச்சர் என்றார். இரண்டே வருடம் கழித்து, 1871இல், மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் வேறு கதவைத் திறந்தார். அறிவு, நம்பிக்கை, கலை, சட்டம், வழக்கம் என ஒரு மனிதன் சமூகத்தில் வாழ்ந்து பெறும் அத்தனையும் கல்ச்சர் என்றார். முதல் பொருளில் அது சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. இரண்டாவதில் அது இல்லாத மனிதனே இல்லை. நாம் டைலரில் ஆரம்பித்து, நமக்கே தெரியாமல் ஆர்னால்டில் போய் முடிக்கிறோம். "அந்த ஏரியா கல்ச்சரே அப்படித்தான்" என்பது விவரிப்பது போலத் தொடங்கும். முடியும்போது தீர்ப்பாகிவிடும்.

வடசென்னை அந்தத் தீர்ப்பை நெடுநாளாகச் சுமக்கிறது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாவில் இறந்தவரின் வாழ்க்கையே வரும். குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் உண்டு. இங்கே பரம்பரை என்பது ரத்த உறவைவிட வாத்தியாரும் அடிமுறையும் சேர்ந்தது. தெருமுனையில் கேரம் பலகை. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இதையெல்லாம் 'பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிட்டு சபா கச்சேரிக்கு மட்டும் 'கலாசார நிகழ்ச்சி' என்று பெயர் வைப்பது சரியில்லை.

கலப்பில்லாத கல்ச்சர் என்று தேடுவதும் வீண். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களோடு அத்தோ என்ற நூடுல்ஸ் உணவு வந்தது. இன்று அது வியாசர்பாடிச் சாப்பாடு. நாம் சாப்பிடும் நாஷ்டா உருது, பேஜார் பாரசீகம், கஸ்மாலம் சமஸ்கிருதம், துட்டு டச்சுக்காரர்களின் காசு.

நேர்காணலுக்குப் போய்வந்த அக்கா மகனிடம் ஒன்று சொன்னேன். அடுத்த முறை யாராவது 'கல்ச்சர்' என்றால், எதைச் சொல்கிறீர்கள், வேலை நேரமா, உடையா, பேச்சா என்று பணிவாகக் கேள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேச்சுதாண்ணா. நான் பேசச் சொல்லோ ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க" என்றான்.