இன்ஜின் நின்றால் விமானம் விழாது: பெங்களூரின் ஜக்கூர் விமானத் தளத்தில் பறக்கப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்ஜின் நின்றுபோன செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானம் கல் மாதிரி விழுவதில்லை. மாடலைப் பொறுத்து 65 முதல் 68 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) வேகத்தைப் பிடித்து வைத்தால், 1000 அடி உயரத்துக்குச் சுமார் இரண்டே முக்கால் கிலோமீட்டர் மிதந்து போகும். ஆபத்து பெரும்பாலும் அதற்குப் பிறகு பைலட் செய்யும் காரியங்களில்தான் வருகிறது.

முதல் இடம் சந்தேகமில்லாமல் இதற்குத்தான்: கிளம்பிய சில நொடிகளில் இன்ஜின் போனதும் ரன்வேக்குத் திரும்பப் பார்ப்பது. ஜக்கூரைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டதால் இந்த ஆசை இன்னும் அதிகமாக வரும். 180 டிகிரி திரும்பினால் ரன்வேக்கு இணையாக, பக்கவாட்டில் தள்ளித்தான் நிற்பீர்கள். ரன்வேக்கு நேராக வர மேலும் வளைந்து, பிறகு எதிர்ப்பக்கமும் திருப்ப வேண்டும். 45 டிகிரி சாய்த்துத் திருப்பும்போது ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) சுமார் 19 சதவீதம் ஏறும். நேராகப் பறக்கையில் 50 நாட் என்றால் இப்போது ஏறக்குறைய 60. நீங்கள் பறப்பதோ 65-இல். தரை நெருங்குகிறதே என்று யோக்கை, அதாவது கைப்பிடியை, கொஞ்சம் இழுத்து, திருப்பத்தை முடுக்க ரட்டரையும் (வால் சுக்கானின் பெடல்) மிதித்தால் ஸ்பின்தான், சுழன்றபடி விழுவது. 500 அடியில் அதிலிருந்து மீள உயரம் கிடையாது. தப்பித் திரும்பினாலும், கிளம்பும்போது எதிரே வந்த காற்று இப்போது முதுகில். 10 நாட் காற்றில் தரை வேகம் 75 நாட், அதுவும் ஜக்கூரின் குட்டை ரன்வேயில்.

அதனால் முதல் வேலை மூக்கைக் கீழே தள்ளுவது. ஏறும்போது மூக்கு தூக்கியே இருப்பதால் பவர் போன சில நொடிகளில் வேகம் கரைந்துவிடும், தயங்காமல் தள்ளுங்கள். நேர் எதிரே, இரு பக்கமும் 30 டிகிரிக்குள் தெரிவதில் நல்ல இடத்தைப் பிடியுங்கள். கட்டுப்பாட்டில் இருக்கும் விமானம் புதருக்குள் போனாலும் உள்ளே இருப்பவர் பிழைக்க வழி உண்டு.

பெங்களூருக்கே உரிய ஒரு குழப்பம் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில். ஊரே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3000 அடியில் இருக்கிறது. முள் 4000 காட்டினால் கையில் இருப்பது 1000 அடிதான். கடற்கரை ஊரில் பழகிவிட்டு வருபவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். இன்னொன்று மிக்ஸ்சர், அதாவது இன்ஜினுக்குப் போகும் எரிபொருள்-காற்றுக் கலவை. ஏப்ரல் மதியம் 35 டிகிரி வெயிலில் இங்கே டென்சிட்டி ஆல்டிடியூட் (காற்றின் அடர்த்தியைப் பொறுத்து விமானம் உணரும் உயரம்) 6000 அடியை எட்டும். மிக்ஸ்சரை முழு ரிச்சில் (எரிபொருள் மிகுதியாக) வைத்துக் கிளம்பினால் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) குறைந்து, இன்ஜின் கோளாறு போலவே தோன்றும். கையேட்டில் உள்ளபடி லீன் செய்துவிட்டு (எரிபொருளைக் குறைத்துவிட்டு) கிளம்புங்கள்.

ஐஸ் என்றால் இமயமலை என்று நினைக்காதீர்கள். கார்புரேட்டர் உள்ள மாடல்களில், ஜூலை மாத ஈரக்காற்றில், வெளியே 22 டிகிரி இருந்தாலும் வெஞ்சுரிக்குள் (கார்புரேட்டரின் குறுகலான காற்றுப் பாதை) ஐஸ் கட்டும். ஆர்பிஎம் மெல்ல மெல்ல இறங்குவதே அறிகுறி. கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டை இழுத்ததும் ஐஸ் உருகி, இன்ஜின் முன்பைவிட மோசமாக உதறும். பயந்து திரும்ப உள்ளே தள்ளிவிடுவதுதான் தவறு. விட்டு வையுங்கள், தெளியும். அந்தச் சூடு எக்ஸாஸ்ட்டிலிருந்து வருவது. இன்ஜின் நின்று ஆறிய பிறகு இழுத்துப் பயனில்லை.

உயரம் இருந்தால் மறு ஸ்டார்ட்: ஃபியூயல் செலக்டர் போத் (இரண்டு டேங்கிலிருந்தும்), மிக்ஸ்சர் ரிச், கார்ப் ஹீட் (இன்ஜெக்‌ஷன் மாடலில் ஆக்ஸ் பம்ப் என்ற துணை எரிபொருள் பம்ப்), மேக்னெட்டோ (பற்றவைக்கும் அமைப்பு) போத், பிரைமர் (கையால் எரிபொருள் செலுத்தும் பம்ப்) இருந்தால் உள்ளே பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு சுற்றுப் போதும். தரையிலிருந்து 1000 அடிக்குக் கீழே இதை நோண்டிக்கொண்டிருக்காமல் இறங்குவதை மட்டும் கவனியுங்கள். மேடே என்ற ஆபத்து அழைப்பைச் சொல்ல ஏற்கெனவே பேசும் அலைவரிசையே போதும். பதில் இல்லையென்றால் அவசர அலைவரிசை 121.5. ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700. எல்லாம் வேகத்தைப் பிடித்த பிறகு.

பாதி பவர் முழு நிறுத்தத்தைவிட வஞ்சகமானது. ஓடுகிறதே என்று வீட்டுப் பக்கம் பறந்து, நல்ல வயல்களைத் தாண்டி, கட்டடங்களுக்கு மேல் வந்ததும் நின்றுபோகும். எந்த நொடியும் நிற்கும் என்றே வைத்துக்கொண்டு, இறங்கக்கூடிய இடத்தின் தலைக்கு மேலேயே இருங்கள்.

இடத்தைத் தேர்வதில் மேலிருந்து தெரியும் பச்சையை நம்பாதீர்கள். தொட்டபள்ளாப்பூர், தேவனஹள்ளிப் பக்கம் சமமாகத் தெரிவது திராட்சைத் தோட்டமாக இருக்கலாம்: அடியில் வரிசையாகக் கல் தூண்கள், மேலே கம்பிகள். விளிம்பு வளைந்த பசும்புல்வெளி ஆகாயத்தாமரை மூடிய ஏரியாகவும் இருக்கலாம். அறுவடை முடிந்த ராகி வயல் நல்லது; உழவுச் சாலின் போக்கிலேயே இறங்குங்கள், குறுக்கே வேண்டாம். மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, டவர்களையும் கம்பங்களையும் தேடுங்கள்.

இடம் உறுதியாகும்வரை ஃபிளாப்ஸ் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தகடுகள்) வேண்டாம். இறக்கினால் மிதக்கும் தூரம் குறையும். இறங்குவது உறுதியானதும் மிக்ஸ்சர் கட்-ஆஃப், ஃபியூயல் ஆஃப், மேக்னெட்டோ ஆஃப். மாஸ்டர் சுவிட்ச் கடைசியில்தான், ஏனெனில் ஃபிளாப்ஸ் இயங்குவது மின்சாரத்தில். சக்கரம் தொடும் முன் கதவின் தாழை விடுவித்துவிடுங்கள். கதவுச் சட்டம் நெளிந்தால் பிறகு திறக்க வராது.