ஒளி ஊடுருவும் பொருட்களை ரெண்டர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேட் (CAD) மென்பொருளில் வரைந்த முப்பரிமாண மாடலை நிஜப் படம்போல ஆக்குவதுதான் ரெண்டர். அந்த மாடலில் கண்ணாடி, அக்ரிலிக், தண்ணீர் என்று வந்துவிட்டால், புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நானும் அந்த வழியாக வந்தவன் என்பதால், படத்தைப் பார்த்ததுமே எங்கே பிசகியிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஒளி புகாத தன்மையைக் கூட்டிக் குறைக்கும் ஒப்பாசிட்டி ஸ்லைடரைக் குறைத்தால் மட்டும் கண்ணாடி ஆகிவிடாது என்பதை எல்லாப் பாடங்களும் சொல்லிவிடுகின்றன. அதை விட்டுவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

பாட்டிலுக்கும் திரவத்துக்கும் நடுவே இடைவெளி

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். பாட்டிலை அழகாக மாடல் செய்கிறார்கள். அப்புறம் திரவத்தைத் தனி பார்ட்டாக, உள்சுவரிலிருந்து 0.1 மி.மீ. தள்ளி வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "ரெண்டும் முட்டிக்கக் கூடாதே சார்" என்கிறார்கள். இயந்திர உறுப்புகளுக்குக் கிளியரன்ஸ் (உரசாமல் இருக்க ஓர் இடைவெளி) விட்டுப் பழகிய கை அது. பாகங்களைப் பொருத்தும் அசெம்பிளியில் அது நல்ல பழக்கம். ரெண்டரில் அந்த 0.1 மி.மீ. ஒரு காற்றுப் படலம், அதுவே படத்தைக் கெடுத்துவிடும்.

கணக்காகப் பார்த்தால் விளங்கும். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, கண்ணாடிக்குச் சுமார் 1.5. பாட்டிலின் உள் ஆரம் 30 மி.மீ., சுவர் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கண்ணாடியை ஒட்டியிருந்தால், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது 30-ஐ 1.33-ஆல் பெருக்கிய அளவு, அதாவது சுமார் 40 மி.மீ. வரை விரிந்து தெரிய வேண்டும். வெளிச்சுவரோ 33 மி.மீ.யிலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் நிஜப் பாட்டிலில் திரவத்தின் நிறம் விளிம்பு வரை நிரம்பி நிற்கிறது, சுவர் இருப்பதே தெரிவதில்லை. நடுவே காற்று புகுந்தால் கதை மாறிவிடும். கண்ணாடிக்குள் நுழைந்த ஒளி, உள்சுவரில் சுமார் 42 பாகைக்கு மேல் சாய்ந்து விழுந்தால் முழு அக எதிரொளிப்பு அடைந்து திரும்பிவிடும். திரவம் தன் 30 மி.மீ.க்குள் சுருங்கித் தெரியும். இரண்டு பக்கமும் வெள்ளிப் பட்டை போல ஒரு கோடு ஓடும்.

ஒரு ஜூனியர் சிரப் பாட்டில் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். வாடிக்கையாளர் "மருந்து பாட்டிலுக்குள் மிதப்பது போல இருக்கிறது" என்று திருப்பி அனுப்பியிருந்தார். இவர் நிறத்தை அடர்த்தியாக்கினார், விளக்கை இடம் மாற்றினார், எல்லாக் கோணங்களையும் முழு ரெசல்யூஷனில் மறுபடி ஓட்டினார். பட்டை அப்படியேதான் இருந்தது. ராத்திரி முழுக்க ஓடிய ரெண்டர் காலையில் குப்பைக்குப் போயிற்று. காரணம் விளக்கிலும் இல்லை, நிறத்திலும் இல்லை. செக்‌ஷன் வெட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

சரி, இடைவெளியை எடுத்துவிட்டு இரண்டு பரப்பையும் மிகச்சரியாக ஒட்டி வைக்கலாமா? அதுவும் வேண்டாம். எந்தப் பரப்பு முன்னால் இருக்கிறது என்று ரெண்டருக்குத் தெரியாமல் புள்ளி புள்ளியாக அழுக்குப் படியும். திரவத்தைக் கண்ணாடிச் சுவருக்குள் கொஞ்சம் நுழைத்து வைப்பதுதான் வழி. எவ்வளவு நுழைப்பது என்பதில் கவனம் வேண்டும். ரெண்டருக்குப் போகும்போது வளைவுகள் எல்லாம் மெஷ்ஷாக, அதாவது சிறு சிறு தட்டைத் துண்டுகளாக உடைபடும். 30 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தை 24 துண்டாக வெட்டினால், ஒவ்வொரு துண்டின் நடுவிலும் பரப்பு கால் மில்லிமீட்டர் உள்வாங்கிவிடும். நீங்கள் சுவருக்குள் நுழைத்த 0.1 மி.மீ. ஓவர்லேப் அதிலேயே காணாமல் போய், சில இடங்களில் திரும்பவும் காற்றுப் படலம் முளைக்கும். ஆகவே மெஷ்ஷை நுணுக்கமாக்குங்கள், ஓவர்லேப்பை அந்தப் பிழையைவிடப் பெரிதாக வையுங்கள்.

ரெண்டர் செய்யும் மென்பொருள், அதாவது ரெண்டரர் எது என்பதையும் பாருங்கள். ஆர்னால்ட் என்ற ரெண்டரரில் டைஎலெக்ட்ரிக் பிரையாரிட்டி என்று ஓர் எண் உண்டு. கண்ணாடிக்குத் திரவத்தைவிடப் பெரிய எண் கொடுத்தால், இரண்டும் கலந்திருக்கும் இடத்தை அது கண்ணாடியாகவே எடுத்துக்கொள்ளும். அந்த வசதி இல்லாதவற்றில், கண்ணாடியும் திரவமும் தொடும் பரப்பைத் தனியாகப் பிரித்து, 1.33-ஐ 1.5-ஆல் வகுத்து வரும் 0.89-ஐ அதற்குக் கொடுக்கலாம். அப்போது அந்தப் பரப்பின் நார்மல் (பரப்புக்குச் செங்குத்தான திசை) எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சோதியுங்கள், திரும்பியிருந்தால் விகிதமும் தலைகீழாகும்.

இன்னொன்று. இப்படி நுழைத்து வைத்ததும் பாகங்கள் முட்டுகின்றனவா என்று பார்க்கும் இன்டர்ஃபியரன்ஸ் செக் சிவப்பாகக் கத்தும். அதைப் பார்த்துப் பயந்து திரவத்தைப் பழையபடி சுருக்கிவிடுகிறவர்கள் உண்டு. ரெண்டருக்கென்றே ஒரு தனி கான்ஃபிகரேஷன் (அதே மாடலின் இன்னொரு வடிவம்) வைத்துக்கொண்டு திரவத்தை அதில் மட்டும் வையுங்கள். எடைக் கணக்கும் பாகப் பட்டியலும் கெடாது.

அலகு மாறிப்போவது

நிறக் கண்ணாடியின் அடர்த்தி தடிமனைப் பொறுத்தது, அதுவும் நேர்விகிதத்தில் அல்ல. 1 செ.மீ. பாதி ஒளியை விட்டால், 2 செ.மீ. கால் பங்கையும் 3 செ.மீ. அரைக்கால் பங்கையும்தான் விடும். மில்லிமீட்டரில் வரைந்த கோப்பு மீட்டராக இறங்கினால் தடிமன் ஆயிரம் மடங்கு. படத்தில் கரிக்கட்டிதான் இருக்கும். நிறத்தை வெளுக்கவைக்கும் முன் அலகைப் பாருங்கள்.

கூர்மையான விளிம்பு

விளிம்பை உருட்டி மழுக்கும் ஃபில்லெட்டை அரை மி.மீ. அளவுக்காவது போடுங்கள்.

வெள்ளைப் பின்னணியில் வெள்ளை விளக்கு

நேராகப் பார்க்கும்போது கண்ணாடியின் ஒரு பரப்பு சுமார் 4 விழுக்காடு ஒளியைத்தான் பிரதிபலிக்கிறது. மிச்சம் எல்லாம் பின்னால் இருப்பதன் காட்சி. பின்னால் வெறும் வெள்ளை என்றால் கண்ணாடியும் வெள்ளையில் கரைந்துபோகும். பொருட்களைப் படமெடுக்கும் புகைப்படக்காரர்கள் ஃபிரேமுக்கு வெளியே இரு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்துவார்கள். விளிம்பில் கறுப்புக் கோடு விழுந்து உருவம் துல்லியமாகத் தெரியும். மாடலிலும் இரண்டு கறுப்புப் பலகைகளை நிறுத்துங்கள்.

பாட்டிலுக்குள் கறுப்புத் திட்டு

ஓர் ஒளிக்கதிர் எத்தனை பரப்புகளைக் கடக்கலாம் என்ற வரம்பான ரே டெப்த்தைக் கூட்டுங்கள்.

அச்சுக்குப் போகும் வரைபடம்

ரெண்டரில் பழகியவர்கள் டிராயிங் ஷீட்டிலும் கண்ணாடி மூடிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் வரைந்துவிடுகிறார்கள். தொழில்நுட்ப வரைபடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 128 தர விதிப்படி, ஒளி ஊடுருவும் பாகத்தையும் ஊடுருவாத பாகம் போலத்தான் வரைய வேண்டும். அசெம்பிளி வரைபடத்தில் மட்டும் பின்னால் உள்ள பாகங்களைக் காட்ட அனுமதி உண்டு. ஆட்டோகேடில் லேயருக்கு (வரைபட அடுக்குக்கு) டிரான்ஸ்பரன்சி கொடுத்திருந்தால், அச்சிடுவதற்கான பிளாட் ஜன்னலில் அதற்கென்று இருக்கும் டிக் பெட்டியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் திரையில் மெலிதாகத் தெரிந்த கண்ணாடி, தாளில் கெட்டி நிறமாக அச்சாகி, பின்னால் இருப்பதையெல்லாம் மறைத்துவிடும்.