பவுலையும் யாக்கோபையும் மோதவிடாதீர்கள்: வேதபாடக் கூட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில், புதிதாக வந்திருந்த இரண்டு தம்பிமார் மோதிக்கொண்டார்கள். ஒருவர் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தில் 3:28-ஐத் திறந்து வைத்துக்கொண்டு, மனுஷன் "விசுவாசத்தினாலேயே" நீதிமானாக்கப்படுகிறான், அதாவது தேவனுக்கு முன் நீதிமானாக ஏற்கப்படுகிறான் என்றார். மற்றவர் யாக்கோபின் நிருபம் 2:24-க்குத் தாவி, "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்று எழுதியிருக்கிறதே என்றார். கால் மணி நேரத்தில் குரல் உயர்ந்தது. முடிவு ஜெபம்கூட இல்லாமல் எல்லோரும் எழுந்தார்கள். டீ கொண்டுவந்த அக்கா, தட்டோடு கதவுப் பக்கம் நின்றுவிட்டு உள்ளே திரும்பிப் போனார்.

எனக்கு இருபது வருடத்துக்கு முந்தைய என் முகம் தெரிந்தது. இதே இரண்டு வசனங்களை வைத்து நான் ஒரு ஐக்கியத்தையே உடைத்திருக்கிறேன். ஆகவே இதை எழுதுகிறேன். கோபப்படாதீர்கள், பொறுமையாகக் கேளுங்கள் என்பதெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தவை. அவற்றுக்குள் போகவில்லை.

எபேசியர் 2:9-ஓடு நிறுத்துவது

இரட்சிப்பு கிரியைகளினால் அல்ல என்கிறது ஒன்பதாம் வசனம். நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிற பத்தாம் வசனத்தையும் வாசியுங்கள்.

சொல் ஒன்று என்பதால் பொருளும் ஒன்று என்று எண்ணுவது

"கிரியை" என்று பவுல் ரோமரிலும் கலாத்தியரிலும் வாதாடும்போது, பெரும்பாலும் "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்று அடைமொழியோடு சொல்கிறார். விருத்தசேதனம், சாப்பாட்டு விதிகள், நாள் பார்ப்பது ஆகியவற்றைச் சுற்றித்தான் அங்கே சண்டையே. யாக்கோபு சொல்லும் கிரியை வேறு. உடுத்தத் துணியும் அன்றைய ஆகாரமும் இல்லாமல் நிற்கிற சகோதரனுக்குக் கொடுப்பது அது. "விசுவாசம்" என்ற சொல்லும் அப்படித்தான். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார் யாக்கோபு. தேவன் ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொள்வதை மட்டும் பவுல் ஓரிடத்திலும் விசுவாசம் என்று அழைத்ததில்லை.

தமிழில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. சைவ வீட்டிலிருந்து வருகிறவர் காதில் "கிரியை" என்றால் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற வரிசைதான் ஒலிக்கும். பூசை, சடங்கு என்றே எடுத்துக்கொள்வார். கத்தோலிக்க நண்பர் வந்தால் அவர் கையில் 1995-இல் வந்த திருவிவிலியம் இருக்கும். அதில் விசுவாசம் "நம்பிக்கை", கிரியை "செயல்". ஒரே வசனத்தை இரண்டு பேர் வாசித்துவிட்டு இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்காகச் சண்டை போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் பத்து நிமிடத்தைச் சொற்களுக்கு ஒதுக்குங்கள். அந்தச் சொல்லால் நீங்கள் எதைக் குறிக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

ஆபிரகாமை எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. பவுல், யாக்கோபு இரண்டு பேருமே அவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆபிரகாம் தேவனை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிற ஆதியாகமம் 15:6-ஐயே இரண்டு பேரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பவுல் அந்த வசனத்திலேயே நிற்கிறார். ஆபிரகாம் விருத்தசேதனம் பெறுவதற்கு முன்பே நீதிமானாக எண்ணப்பட்டார் என்பது ரோமர் 4-இல் அவர் வைக்கும் வாதம். யாக்கோபு அங்கிருந்து 22-ஆம் அதிகாரத்துக்கு, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட ஏறிய மோரியா மலைக்குப் போகிறார். இடையே எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள். 15:6-க்குப் பிறகு மூத்த மகன் இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிரகாமுக்கு 86 வயது, ஈசாக்கு பிறக்கும்போது 100. மலையேறும்போது ஈசாக்கு விறகு சுமக்கிற அளவுக்கு வளர்ந்த பிள்ளை. பவுல் விதை ஊன்றிய நாளைப் பார்க்கிறார். யாக்கோபு பல வருடம் கழித்து அதே மரத்தின் கனியைப் பார்க்கிறார். 15:6-இல் சொன்னது மலையில் "நிறைவேறிற்று" என்பதே அவருடைய பேச்சு.

எதிர்த்தரப்பைக் காதில் விழுந்ததை வைத்து எடைபோடுவது

"லுத்தர் நற்கிரியை வேண்டாம் என்றார்." "கத்தோலிக்கர் தங்கள் செயலால் மோட்சம் போகப் பார்க்கிறார்கள்." இந்த இரண்டும் பொய். நம் சபைகளில் இரண்டும் தாராளமாகப் புழங்குகின்றன.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தர் 1522-இல் ஜெர்மன் புதிய ஏற்பாட்டை வெளியிட்டபோது, ரோமர் 3:28-இல் கிரேக்கத்தில் இல்லாத "மட்டுமே" என்ற சொல்லைச் சேர்த்தார். யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றும் எழுதினார். இதெல்லாம் உண்மை. (நம் பழைய தமிழ் வேதாகமத்திலும் "விசுவாசத்தினாலேயே" என்ற ஏகாரம் அந்த வேலையைத்தான் செய்கிறது.) ஆனால் அதே பதிப்பில் ரோமருக்கு அவர் எழுதிய முன்னுரையை வாசித்தவர்கள் எத்தனை பேர்? விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் வேலை செய்வது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்கிறார் அதில். அந்த லுத்தரின் வழியில் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனெரி சீகன்பால்கு பள்ளிக்கூடங்கள் நடத்தியவர், தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர்.

மறுபக்கம், 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் நீதிமானாக்கப்படுதல் குறித்துத் தீர்மானம் எழுதியபோது அதன் முதல் விதியே, கிறிஸ்துவின் கிருபை இல்லாமல் மனிதன் தன் செயல்களால் தேவனுக்கு முன் நீதிமானாக முடியும் என்று சொல்கிறவனைச் சபிக்கிறது. லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் இதே பொருளில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. மெதடிஸ்ட் சபைகள் 2006-லும் சீர்திருத்தச் சபைகள் 2017-லும் சேர்ந்துகொண்டன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. அறிக்கையே அதைச் சொல்கிறது. ஆனாலும் பெரியவர்கள் பல வருடம் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டதை, ஒன்றுமே வாசிக்காமல் நம் வாலிபர் கூட்டத்தில் மறுபடி உடைப்பது என்ன நியாயம்?

வாட்ஸ்அப் குழுவில் விவாதத்தைத் தொடர்வது

வேண்டாம்.

பந்தியை மறந்து வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்வது

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் எங்கள் கூட்டம் நடந்தது. பதினான்கு பேர் வருவோம். அதில் ஓர் அண்ணாச்சி, சைக்கிள் கடை வைத்திருந்தவர். அதிகம் பேச மாட்டார். பிடி அரிசி சேர்ப்பது அவர் பொறுப்பு. பெண்கள் சோறு பொங்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை அண்ணாச்சி வீடு வீடாகப் போய் வாங்கி, இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு விதவைத் தாயார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒருநாள் கூட்டத்தில் எதற்கோ, "குடுக்காம இருந்தா ராத்திரி தூக்கம் வராது தம்பி, கர்த்தர் கேப்பாருல்லா" என்றார்.

நான் அப்போதுதான் ரோமர் நிருபத்தைப் புதிதாகப் படித்து முடித்திருந்தேன். பதின்மூன்று பேர் முன்னால் சொன்னேன்: "அண்ணாச்சி, நீங்க இன்னும் கிரியையைத்தான் நம்புறீங்க. கிருபைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியல." அவர் பதில் சொல்லவில்லை. வேதாகமத்தை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அடுத்த வாரம் வரவில்லை. அவரோடு இன்னும் இரண்டு குடும்பம் நின்றது. கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஆறு பேர் மிஞ்சினோம். விவாதத்தில் நான் ஜெயித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பிடி அரிசி சேர்ப்பது நின்றுபோனதை நான் நான்கு மாதம் கவனிக்கவே இல்லை.

நான் மேற்கோள் காட்டிய வசனங்கள் எந்த இடத்தில் பிறந்தவை என்று அன்று எனக்குத் தெரியாது. கலாத்தியர் 2:16 நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய வசனம். அதற்கு முந்தைய ஐந்து வசனங்களைப் பாருங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகுகிறார். அதற்காகத்தான் பவுல் முகத்துக்கு முகம் எதிர்த்து நிற்கிறார். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல். யாக்கோபு 2-ஆம் அதிகாரமும் எங்கே தொடங்குகிறது? பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்த தரித்திரனுக்குக் காலடியில் இடம் என்று சபையில் பிரித்து உட்கார வைத்ததில் தொடங்குகிறது. இரண்டு பேரும் உட்காரும் இடத்துக்காகவே வழக்காடினார்கள்.

இந்த இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டதும் அதே கலாத்தியர் 2-இல் இருக்கிறது. யாக்கோபும் கேபா என்கிற பேதுருவும் யோவானும் ஐக்கியத்துக்கு அடையாளமாகப் பவுலுக்கு வலதுகை கொடுக்கிறார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: தரித்திரரை நினைத்துக்கொள்ள வேண்டும். அதில் தானும் கருத்தாயிருந்ததாகப் பவுல் எழுதுகிறார். என் அண்ணாச்சி செய்ததும் அதுதான். அதை நான் பவுலின் பேரைச் சொல்லியே நிறுத்தினேன்.

நம் சபைகளின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இது வெறும் பழங்கதை இல்லை என்று புரியும். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சாதிவாரியாக உட்காருவதும் திருவிருந்துக்கு முன்பின்னாக வருவதும் நடந்தன. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் அதை விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, பலர் சபையை விட்டே விலகினார்கள். வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் இருந்தது; அது இடிக்கப்பட்ட பிறகும் தனி இடம் கேட்டுத் தொடுத்த வழக்கு மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போனது. விசுவாசப் பிரமாணத்தை ஞாயிறுதோறும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னவர்கள்தான் இவர்கள்.

எங்கள் பக்கம் பண்டிகை முடிவில் அசனம் உண்டு. தெருவெல்லாம் ஒரே சாப்பாடு, ஒரே பந்தி. கலாத்தியர் 2-ஐப் புதியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால் இப்போது நான் அசனத்துக்கு முந்தின வாரத்தில்தான் எடுக்கிறேன். யார் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறீர்கள் என்று கேட்பேன். அந்தக் கேள்விக்கு வரும் மௌனத்தில்தான் பாடம் தொடங்கும்.

குறையில்லாத சபையைத் தேடி அலைவது

"அந்நியோந்நியத்திலும் அப்பம் பிட்குதலிலும்" உறுதியாயிருந்த அப்போஸ்தலர் 2:42-இன் சபை வேண்டும் என்று மூன்று வருடத்தில் நான்கு சபை மாறியவர்களை அறிவேன். நான்கு அதிகாரம் தள்ளி, அதே சபையில் விதவைகளுக்குச் சோறு பரிமாறுவதில் பட்சபாதம் என்று முறுமுறுப்பு எழுந்தது. கொரிந்துவில் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறித்திருந்தான். பாட்டு பிடிக்கவில்லை, பிரசங்கம் நீளம் என்பதற்காக மாறாதீர்கள். கணக்கு கேட்டால் சபிக்கிறார்கள், தவறை மூடி மறைக்கிறார்கள், பாதிக்கப்பட்டவரையே வாயை மூடச் சொல்கிறார்கள் என்றால் ஒருநாளும் தங்காதீர்கள். அங்கே பொறுத்துப் போகச் சொல்வது ஐக்கியமே இல்லை.

வராமல் போனவரைத் தேடாமல் இருப்பது

ஒன்றரை வருடம் கழித்துத்தான் அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். "நான் பேசினது தப்பு அண்ணாச்சி" என்றேன். "உக்காருங்க தம்பி, டீ சொல்லுதேன்" என்றார். டீ வந்தது. குடித்து முடிக்கும் வரை இரண்டு பேரும் பேசவில்லை. கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த அம்மாவுக்கு இப்ப அரிசி வாங்க நான் ஒருத்தன்தான் போறேன். முட்டி வலிக்கி. சனிக்கிழம வருவீங்களா?"

எங்கள் கூட்டத்துக்கு அவர் திரும்பி வரவில்லை. அந்த அம்மா கண்மூடும் வரை, சனிக்கிழமை அரிசிப் பையை நான் பிடித்துக்கொள்வேன்; அண்ணாச்சி கதவைத் தட்டுவார்.