தாயகம் செல்பவர்கள் எந்த நிறுவனத்தின் சிம் அட்டையை வாங்குவது?

இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகை மண்டபத்தில் தொலைபேசி நிறுவனங்களின் விற்பனை முகப்புகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நீண்ட பயணத்தின் களைப்போடு வெளியே வருபவர்களில் பெரும்பாலானோர் எங்கே கூட்டம் குறைவாக இருக்கிறதோ அங்கே கடவுச்சீட்டை நீட்டி, ஒரு சிம் அட்டையை வாங்கிக்கொண்டு வாகனத்தில் ஏறிவிடுகிறார்கள். கொழும்பிலும், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியோரத்து நகரங்களிலும் அந்த அட்டை குறையின்றி வேலை செய்யும். தங்கப்போகும் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை என்ற சிக்கல் தெரியவரும். ஆகவே எந்த நிறுவனம் என்ற முடிவை விமான நிலையத்தில் எடுக்காமல், புறப்படுவதற்கு முன்பே, இரவில் நீங்கள் படுத்துறங்கப்போகும் ஊரை வைத்து எடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இலங்கையில் இப்போது கைபேசிச் சேவை வழங்கும் நிறுவனங்கள் மூன்று: டயலொக், எஸ்.எல்.ரி மொபிட்டல், ஹட்ச். முன்னர் இருந்த எட்டிசலாட் 2018இல் ஹட்சுடனும், எயார்டெல் 2024இல் டயலொக்குடனும் இணைந்துவிட்டன. ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் ஒப்பீடுகளை அப்படியே நம்புவதற்கில்லை. உறவினர்களின் எண்களைப் பார்த்தாலே அவர்கள் எந்த நிறுவனத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். 077, 076, 074 என்று தொடங்குபவை டயலொக்கின் எண்கள். 071, 070 மொபிட்டலுக்கும், 078, 072 ஹட்சுக்கும் உரியவை. 075 முன்னைய எயார்டெலின் எண். ஒரே ஒழுங்கையில் உள்ள நான்கு வீட்டாரும் ஒரே தொடக்க எண்ணை வைத்திருந்தால், அங்கே எந்தக் கோபுரம் அருகில் இருக்கிறது என்பதைத் தனியே விசாரிக்கத் தேவையில்லை.

நிறுவனங்கள் வெளியிடும் கவரேஜ் வரைபடங்களைப் பார்க்கலாம், ஆனால் அவற்றோடு நின்றுவிடக் கூடாது. வரைபடத்தில் நிறம் பூசப்பட்ட இடம் பெரும்பாலும் திறந்த வெளியில் சிக்னல் கிடைக்கும் இடமே தவிர, கொங்கிரீட் தட்டுப் போட்ட மாடி வீட்டின் உள்ளறையில் கிடைக்கும் என்பதற்கு உறுதியல்ல. குறைந்த அலைவரிசைகள், எடுத்துக்காட்டாக 900 மெகாஹேர்ட்ஸ், தொலைவுக்குச் செல்லும், சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். 1800, 2100 மெகாஹேர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகள் கூடுதல் வேகம் தந்தாலும் கோபுரத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல விரைவில் தளர்ந்துவிடும். முற்றத்தில் நின்றால் நான்கு கோடுகள் காட்டும் கைபேசி சாமியறைக்குப் பக்கத்தில் ஒன்றுமே காட்டாமல் போவதற்கு இதுவே காரணம். துணுக்காய், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் போன்ற வன்னியின் உட்பகுதிகளுக்கும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கும், குறிகட்டுவானில் படகேறிச் செல்லும் நெடுந்தீவு, நயினாதீவுக்கும் போகிறவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பிரதான வீதியில் கிடைக்கும் 4ஜி, குளக்கட்டைத் தாண்டி உள்ளே போனதும் 2ஜியாகச் சுருங்கி, குரல் அழைப்புக்கு மட்டும் உதவும் இடங்கள் உண்டு.

ஊரில் இருப்பவர்களிடம் “சிக்னல் எப்படி?” என்று பொதுவாகக் கேட்டால் “பரவாயில்லை” என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அவர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் தங்கப்போகும் அறைக்குள் நின்றபடி, இரவு ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், வைஃபையை நிறுத்திவிட்டு, வட்ஸ்அப்பில் காணொளி அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். ஊரெல்லாம் கைபேசியும் கையுமாக இருக்கும் அந்த நேரத்தில் படம் உறையாமல் பத்து நிமிடம் பேச முடிந்தால் அந்த நிறுவனமே உங்களுக்குப் போதும். என் சிறியதாயார் பேச வேண்டுமென்றால் எப்போதும் கிணற்றடிக்குப் போய்விடுவார். அவர் அங்கே நின்று பேசுவதன் காரணத்தைக் கேட்டறிந்த பின்னரே, அந்த வீட்டுக்கு வேறு நிறுவனத்தின் அட்டைதான் பொருந்தும் என்பது எங்களுக்குத் தெரிந்தது. குடும்பமாகச் செல்பவர்கள் எல்லோரும் ஒரே நிறுவனத்தின் அட்டையை வாங்காமல், இருவேறு நிறுவனங்களைத் தெரிவு செய்வது நல்லது. ஒன்று கைவிடும் இடத்தில் மற்றதன் இணைப்பை ஹொட்ஸ்பொட் மூலம் பகிர்ந்துகொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்பட்டுக் கோபுரங்களின் மின்கலங்களும் தீர்ந்துபோகும் வேளையில் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

அட்டையைத் தெரிவு செய்வதற்கு முன் உங்கள் கைபேசியையும் சோதித்துக்கொள்ளுங்கள். கனடாவில் 2017 டிசம்பர் முதலும் பிரித்தானியாவில் 2021 டிசம்பர் முதலும், ஒரே நிறுவனத்துக்கு மட்டும் வேலை செய்யுமாறு பூட்டப்பட்ட கைபேசிகளை நிறுவனங்கள் விற்கக் கூடாது. ஆனால் அமெரிக்காவில் தவணைக் கட்டணத்தில் வாங்கிய கைபேசிகள் பூட்டப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அதைப் புறப்படுவதற்கு முன்பே திறந்துவித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன் 14இலும் அதற்குப் பிந்திய ஐபோன்களிலும் சிம் அட்டை செருகும் இடமே இல்லை என்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் ஈசிம் (அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதியப்படும் சிம்) வழங்கும் நிறுவனத்தையே நாட வேண்டும். சிறிய ஊர்களின் கடைகளில் ஈசிம் எடுப்பது எளிதன்று. விமான நிலையத்திலோ, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற நகரங்களில் உள்ள நிறுவனக் கிளைகளிலோ அதை முடித்துக்கொள்வது நல்லது.

உறவினருக்கு அன்பளிப்பாகக் கைபேசி கொண்டுபோக எண்ணுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இல்லாத கருவிகளைப் புதிதாக வலையமைப்புகளில் இணைப்பதற்கு 2025 ஜனவரி இறுதி முதல் கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கருவிக்கும் உரிய 15 இலக்க அடையாள எண்ணை *#06# என்று அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். அந்த எண்ணை ஊருக்கு முன்கூட்டியே அனுப்பி, ஆணைக்குழுவிடம் விசாரித்துவிட்டுக் கொண்டுபோவது வீண் ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

இனித் திட்டங்கள். பயணிகளுக்கான சிறப்புத் திட்டங்கள் பெரும்பாலும் 30 நாட்களுக்கு உட்பட்டவை; அதற்கு மேல் தங்குபவர்கள் சாதாரண முற்கொடுப்பனவு இணைப்பை எடுத்து, தேவைப்படும்போது ரீலோட் செய்துகொள்ளலாம். அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கும் டேட்டா அளவு முழுவதையும் எந்நேரமும் பயன்படுத்தலாமா என்பதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். சில திட்டங்களில் ஒரு பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பின் மட்டுமே செல்லுபடியாகும். வேறு சில, குறிப்பிட்ட சமூக ஊடகச் செயலிகளுக்கு மட்டும் உரியவை. பிற நிறுவன எண்களுக்கான அழைப்பு நிமிடங்களையும் பாருங்கள். இணையவழிப் பேச்சுக்கு டேட்டா இருந்தாலும், ஓட்டோக்காரரோடும் மூத்த உறவினரோடும் பேசுவதற்குச் சாதாரண அழைப்புத்தான் உதவும். இலங்கையில் உள்ளூர் இணைப்புக்கு வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை.

உங்கள் நாட்டுச் சிம்மை முற்றாக அணைத்துவிடாதீர்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் அதற்குத்தான் வரும். இரண்டு சிம் வசதியுள்ள கைபேசியில் அதை இயக்கத்தில் வைத்துக்கொண்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு வரும் அழைப்பை எடுத்தாலே பல கனேடியத் திட்டங்களில் அன்றைய நாளுக்கான ரோமிங் கட்டணம் விழுந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். புதிய சிம்மைப் போட்டதும் எண்ணை மாற்ற வேண்டுமா என்று வட்ஸ்அப் கேட்கும். பழைய எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். தலைமன்னாருக்குப் போகிறவர்கள் கைபேசியில் வலையமைப்பைத் தானாகத் தெரிவு செய்யும் வசதியை நிறுத்தி வைப்பது நல்லது. தனுஷ்கோடி அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில்தான் இருக்கிறது. கடலுக்கு மேலாக வரும் இந்திய அலைகளை உங்கள் நாட்டுச் சிம் பற்றிக்கொள்ள இடமுண்டு.

உறவினரின் பெயரில் உள்ள அட்டையைப் பயன்படுத்துவதையும், திரும்பும்போது உங்கள் கடவுச்சீட்டில் பதிந்த அட்டையை அங்கே யாரிடமாவது விட்டு வருவதையும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த எண்ணிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வோர் அழைப்புக்கும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் பதிவில் உள்ளவரே. புது அட்டை கைக்கு வந்ததும் பொலிஸ் அவசர அழைப்பான 119, இலவச அம்புலன்ஸ் சேவையான 1990 ஆகிய இரண்டையும் முதலில் பதிந்துகொள்ளுங்கள். ஊரைவிட்டுப் புறப்படும்போது, அந்த எண்ணில் ஏதாவது கணக்கோ செயலியோ திறந்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள். நெடுநாள் பயன்படுத்தப்படாத எண் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்கு வழங்கப்படலாம்.