தராசு இருக்கு, போர்ட்டைக் காணோம்: லினக்ஸில் சீரியல் போர்ட் தெரியாவிட்டால்

அவல்பூந்துறை பக்கம் மாமாவுக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. மூட்டை எடை போடும் எலக்ட்ரானிக் தராசுக்குப் பின்னால் ஒன்பது பின் சீரியல் போர்ட். இத்தனை வருடமாக விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய ஒரு பழைய கம்ப்யூட்டர் அதிலிருந்து எடையை வாங்கிப் பதிந்துகொண்டிருந்தது. போன ஐப்பசியில் இடி இடித்த ஒரு ராத்திரியில் அதன் மதர்போர்டு போய்விட்டது. வீட்டில் சும்மா கிடந்த லேப்டாப்பில் உபுண்டு 22.04 போட்டேன். காந்திபுரத்தில் ஒரு யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் செருகினேன். பத்து நிமிட வேலை என்று அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது கொப்பரையைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாப்ள, கம்ப்யூட்டரு தராசப் பாக்க மாட்டேங்குதா?"

"பாக்குதுங்க மாமா. பாத்துட்டு மறந்துருதுங்க."

விளையாட்டாகச் சொன்னேன். கடைசியில் பார்த்தால் அதுதான் நடந்திருந்தது.

களத்தில் கணக்கு எழுதுகிற பையனுக்கு போனில் சொல்லிச் சொல்லி உருவான குறிப்பு இது. அதனால் கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். டெர்மினல் திறக்கத் தெரியும், சூடோ (அட்மின் உரிமையோடு கட்டளையை ஓட்டுவது) பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கர்னலைக் கேளுங்கள்

போர்ட் தெரியவில்லை என்றதும் கேபிளை மாற்றுவது, உபுண்டுவைத் திரும்பப் போடுவது எல்லாம் வேண்டாம். என்ன நடக்கிறது என்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே சொல்லும். கன்வெர்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டு இதைத் தட்டுங்கள்:

சூடோ டிமெஸ்ஜ் -டபிள்யூ

டிமெஸ்ஜ் என்பது டி, எம், இ, எஸ், ஜி. திரையில் பழைய வரிகள் ஓடி நிற்கும். என்டரை நாலு தட்டு தட்டி இடைவெளி விட்டுக்கொண்டு, கன்வெர்ட்டரைச் செருகுங்கள். கீழே என்ன வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

ஒரு வரிகூட வரவில்லையா? கேபிள் அல்லது யுஎஸ்பி துளை. ஆர்டுயினோ, இஎஸ்பி32 போன்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டுகளில் இது அதிகம். சார்ஜ் போட மட்டுமே ஆகிற கேபிளில் கரன்ட் போகிற இரண்டு கம்பிதான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. "ஏனுங்க, லைட்டு எரியுதுங்களே" என்று பையன் கேட்டான். லைட் எரிய டேட்டா கம்பி தேவையில்லை. போனிலிருந்து போட்டோ ஏற்ற ஆகிற கேபிளாகப் பார்த்து எடுங்கள்.

'நியூ யுஎஸ்பி டிவைஸ் ஃபவுண்ட்' என்று வருகிறது, ஆனால் டிடிஒய் (சீரியல் போர்ட்டுக்கு லினக்ஸ் வைக்கும் பெயரின் தொடக்கம்) என்று எதுவும் வரவில்லை என்றால் டிரைவர், அதாவது கருவியை இயக்கும் புரோகிராம், ஏறவில்லை. எல்எஸ்யுஎஸ்பி என்று தட்டி, உங்கள் கருவியின் எண்ணைப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நாலே வகை. 1ஏ86:7523 என்றால் சிஎச்340 சிப். அதன் டிரைவர் பெயர் சிஎச்341, எண் ஒன்று கூடுதல், குழம்ப வேண்டாம். 0403:6001 என்றால் எஃப்டிடிஐ. 067பி:2303 என்றால் புரோலிஃபிக், டிரைவர் பிஎல்2303. 10சி4:இஏ60 என்றால் சிபி2102, டிரைவர் சிபி210எக்ஸ். எல்லா டிரைவரும் கர்னலோடேயே வருகின்றன. டப்பாவுக்குள் இருக்கிற குட்டி சிடியைத் தூரப் போடுங்கள். டிரைவரைக் கையால் ஏற்ற, உங்கள் டிரைவரின் பெயரைப் போட்டு இப்படித் தட்டுங்கள்:

சூடோ மாட்புரோப் சிஎச்341

இது 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று சொன்னால் பெரும்பாலும் கர்னல் அப்டேட் ஆகி நீங்கள் ரீபூட் செய்யாமல் விட்டிருப்பீர்கள். உபுண்டு மாதிரி இன்னொரு லினக்ஸ் வகையான ஆர்ச் லினக்ஸில் இது அடிக்கடி நடக்கும். ரீபூட் செய்யுங்கள், சரியாகிவிடும்.

வந்தது, போனது

என் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது இந்த இடம்தான். செருகியதும் கர்னல் அழகாகச் சொன்னது: சிஎச்341 கன்வெர்ட்டர் டிடிஒய்யுஎஸ்பி0-வில் இணைந்துவிட்டது. நான் அந்த வரியோடு நிறுத்திக்கொண்டேன். சந்தோஷமாக வேறு ஜன்னலில் எல்எஸ் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 என்று தட்டினால் (யுஎஸ்பி மட்டும் பெரிய எழுத்து), அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது. கழற்றினேன், செருகினேன். வேறு துளையில் செருகினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்குக்கூடப் போகவில்லை.

டிமெஸ்ஜை இன்னும் இரண்டு வரி கீழே படித்திருந்தால் போதும். அதே நொடியில் அடுத்து வந்திருந்தது இது: இன்டர்ஃபேஸ் 0-வை சிஎச்341 வைத்திருக்கும்போதே 'பிஆர்எல்டிடிஒய்' அதன் கான்ஃபிக்கை மாற்றுகிறது. அதற்கும் கீழே, கன்வெர்ட்டர் டிடிஒய்யுஎஸ்பி0-விலிருந்து துண்டிக்கப்பட்டது.

யார் இந்த பிஆர்எல்டிடிஒய்? பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் திரைகளை லினக்ஸோடு இணைக்கிற புரோகிராம். நல்ல புரோகிராம். சிக்கல் என்னவென்றால், ஒரு பிரெயில் கருவி இதே 1ஏ86:7523 எண்ணைத்தான் சொல்லும். அதனால் நீங்கள் கன்வெர்ட்டரைச் செருகியதும் நம்ம கருவி வந்துவிட்டது என்று அது ஓடிவந்து பிடித்துக்கொள்கிறது. டிரைவரின் கையிலிருந்து போர்ட் போய்விடுகிறது. உபுண்டு 22.04-க்கு மாறியவர்கள் நிறையப் பேர் இதில் மாட்டினார்கள்.

வீட்டில் யாரும் பிரெயில் திரை பயன்படுத்தவில்லை என்றால்:

சூடோ ஏபிடி ரிமூவ் பிஆர்எல்டிடிஒய்

கழற்றிச் செருகுங்கள், முடிந்தது. பயன்படுத்துகிறவர் இருக்கிறார் என்றால் தயவுசெய்து இதை நீக்காதீர்கள்; அவருக்குத் திரையே இருண்டுபோகும். அதற்குப் பதிலாக /யுஎஸ்ஆர்/லிப்/யுடெவ்/ரூல்ஸ்.டி ஃபோல்டரில் இருக்கிற 85-பிஆர்எல்டிடிஒய்.ரூல்ஸ் ஃபைலை /ஈடிசி/யுடெவ்/ரூல்ஸ்.டி ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். காப்பியில் 1ஏ86 வருகிற அந்த ஒரு விதிக்கு முன்னால் மட்டும் ஹேஷ் குறி போடுங்கள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஈடிசி-யில் இருப்பதுதான் செல்லும், அப்டேட் வந்தாலும் அழியாது. பிறகு ஒருமுறை ரீபூட்.

போர்ட் இருக்கிறது, திறக்கவில்லை

'பெர்மிஷன் டினைடு' என்றால், சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் நீங்கள் இல்லை. பழைய மோடம் காலத்துப் பெயர் அப்படியே நிற்கிறது. ஆர்ச்சில் அந்தக் குழுவின் பெயர் யுயுசிபி. குழுவில் சேர இணையத்தில் எங்கே பார்த்தாலும் யூசர்மாட் -ஏஜி என்று போட்டிருப்பார்கள். ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. அந்த ஏ-வை விட்டுவிட்டு வெறும் ஜி மட்டும் போட்டால் டயல்அவுட்டில் சேர்த்துவிட்டு, சூடோ உட்பட மற்ற எல்லாக் குழுவிலிருந்தும் உங்களை வெளியே தள்ளிவிடும். நான் வேறொரு மெஷினில் இதைச் செய்துவிட்டு, கம்ப்யூட்டர் துவங்கும்போது வருகிற கிரப் மெனுவில் ரிகவரி மோடுக்குள் போய் என்னை நானே மறுபடி சூடோவில் சேர்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் யூசர்மாட் பக்கமே போவதில்லை. உபுண்டு, டெபியன் இரண்டிலும் இது போதும்:

சூடோ ஆட்யூசர் உங்கள்-பெயர் டயல்அவுட்

பிறகு லாக்அவுட் ஆகி வர வேண்டும். டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. குரூப்ஸ் என்று தட்டி டயல்அவுட் வருகிறதா பாருங்கள். சூடோ போட்டே புரோகிராமை ஓட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டலாம், கணக்குப் பையன் கையில் ரூட்டை, அதாவது முழு அட்மின் உரிமையைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்றால் வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள். செருகிய சில விநாடிகளுக்கு மட்டும் வந்தால் அது மோடம்மேனேஜராக இருக்கலாம். புதிதாக ஒரு சீரியல் போர்ட் வந்தால் மோடமா என்று தட்டிப் பார்ப்பது அதன் வேலை. சிம் போட்ட டாங்கிள் இல்லாத மெஷினில் அதை நிறுத்திவிடலாம்.

பழைய கம்ப்யூட்டரில் போர்டோடு வருகிற சீரியல் போர்ட் என்றால் பெயர் டிடிஒய்எஸ்0 (எஸ் பெரிய எழுத்து). உபுண்டுவில் டெவ் ஃபோல்டருக்குள் டிடிஒய்எஸ்0 முதல் டிடிஒய்எஸ்31 வரை 32 பெயர்கள் வரிசையாக நிற்கும். கல்யாணப் பந்தியில் இலை போட்டு வைத்த மாதிரிதான், ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றில்லை. டிமெஸ்ஜில் '16550ஏ' என்று எந்தப் பெயருக்கு வருகிறதோ அதுதான் நிஜம். முதல் போர்ட் என்றால் அந்த வரியில் வழக்கமாக 0எக்ஸ்3எஃப்8, ஐஆர்க்யூ 4 என்று இருக்கும். எதற்குமே வரவில்லை என்றால் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் துவங்கும்போது திறக்கிற அமைப்புப் பக்கம்) போய் சீரியல் போர்ட் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

திறக்கிறது, ஊமையாக இருக்கிறது

டெர்மினலிலிருந்து போர்ட்டோடு நேராகப் பேசிப் பார்க்க எனக்குப் பிடித்த புரோகிராம் பிக்கோகாம். ஸ்கிரீன் என்கிற புரோகிராமும் ஆகும். மினிகாம் வேண்டாம், காரணம் கீழே.

பிக்கோகாம் -பி 9600 /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0

தராசில் செருகும் முன் கன்வெர்ட்டரின் ஒன்பது பின்னில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டு, கீபோர்டில் ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் தெரிந்தால் லேப்டாப், டிரைவர், கன்வெர்ட்டர் மூன்றும் நன்றாக இருக்கின்றன. கம்பியை எடுத்ததும் தெரியக் கூடாது. இதற்குப் பிறகும் தராசு பேசவில்லை என்றால் 2, 3 மாற்றிப் போட்ட கிராஸ் கேபிள் தேவையா என்று பாருங்கள். தராசில் பிரின்ட் பட்டனை அழுத்தினால்தான் எடை அனுப்பும் மாடல்களும் உண்டு. புரியாத எழுத்தாக வந்தால் வேகம் (மேலே 9600 என்று போட்ட இடம்) தப்பு. 2400, 4800 என்று மாற்றிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆர்டுயினோவுக்கு விற்கிற, நாலு பின் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன போர்டிலும் இதே சிஎச்340 தான் இருக்கும். அதைத் தராசோடு நேராக இணைக்காதீர்கள். அது 5 அல்லது 3.3 வோல்ட் ஆள். தராசின் சீரியல் போர்ட் பேசுகிற ஆர்எஸ்-232 முறை பிளஸ்ஸிலும் மைனஸிலுமாக 15 வோல்ட் வரை போகலாம்.

பிற்சேர்க்கை 1: மினிகாமில் படிக்க முடிகிறது, தட்டினால் போவதில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மினிகாமில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் தானாகவே ஆன் ஆகியிருக்கும். மூன்று கம்பி மட்டும் உள்ள கேபிளில் அனுமதி வரும் என்று அது காத்துக்கொண்டே இருக்கும். மினிகாம் -எஸ் போட்டு அதை அணையுங்கள். இல்லாவிட்டால் நான் சொன்ன பிக்கோகாம்.

பிற்சேர்க்கை 2: பல்லடம் பக்கத்து நண்பர் ஒருவருக்குத் தறி ஓடும்போது மட்டும் போர்ட் காணாமல் போகிறது. டிமெஸ்ஜ் அனுப்பச் சொன்னேன். 'டிஸேபிள்டு பை ஹப் (இஎம்ஐ?)' என்று கர்னலே கேள்விக்குறி போட்டுச் சந்தேகப்பட்டிருந்தது. இஎம்ஐ என்றால் மின்காந்த இடையூறு. மோட்டார் வயரோடு ஒட்டி மூன்று மீட்டர் யுஎஸ்பி கேபிள் போயிருக்கிறது. யுஎஸ்பி கேபிளைக் குட்டையாக்கி, ஷீல்டு உள்ளதாக மாற்றி, மோட்டார் வயரிலிருந்து தள்ளி வைத்ததும் நின்றுவிட்டது. தூரம் வேண்டுமென்றால் சீரியல் பக்கத்துக் கேபிளை நீளமாக்குங்கள், யுஎஸ்பி பக்கத்தை அல்ல.

அவரிடமே இன்னொன்றும் தெரிந்தது. புரோகிராம் போர்ட்டைப் பிடித்திருக்கும்போது கேபிள் ஆடி விட்டுப்போனால், திரும்ப வரும்போது டிடிஒய்யுஎஸ்பி1 என்று வரும். புரோகிராம் பாட்டுக்கு 0-வைத் தேடிக்கொண்டிருக்கும். அதனால் புரோகிராமில் /டெவ்/சீரியல்/பை-ஐடி ஃபோல்டரில் இருக்கிற நீளமான பெயரைக் கொடுங்கள். ஆனால் சிஎச்340-க்குத் தனி சீரியல் நம்பர் கிடையாது. இரண்டு கன்வெர்ட்டர் மாட்டினால் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்து மோதும். அப்போது பை-பாத், அதாவது எந்தத் துளை என்பதை வைத்து வருகிற பெயர். மாமா களத்தில் தராசுத் துளைக்கு மஞ்சள் டேப் ஒட்டி, 'இதைத் தொடாதே' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பிக்கோகாமுக்குள் போய்விட்டு வெளியே வரத் தெரியாமல் ஜன்னலையே மூடுகிறீர்கள் என்று தெரிகிறது. கன்ட்ரோல்-ஏ, அப்புறம் கன்ட்ரோல்-எக்ஸ்.