தோரியம் எப்படிக் காரீயமாகிறது? மனப்பாடம் செய்யாமல் நாமே எழுதலாம்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் கறுப்பும் சிவப்புமாகக் கிடக்கும். அதில் மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது, மோனசைட்டுக்குள் தோரியம் இருக்கிறது, அந்தத் தோரியம் யாரும் தொடாமலே, சூடாக்காமலே கொஞ்சம் கொஞ்சமாகக் காரீயமாக மாறிக்கொண்டிருக்கிறது. இடையில் மொத்தம் 10 சிதைவுகள், அதாவது அணு தானாகவே ஒரு துகளை வெளியேற்றி வேறு அணுவாக மாறும் படிகள். இதைத் தேர்வுக்காக உருப்போட்டுத் தலைவலி தேடிக்கொள்ள வேண்டாம். ஒரு தாள், பென்சில், தனிம வரிசை அட்டவணை, அப்புறம் ஒன்றாம் வகுப்புக் கூட்டல் கழித்தல் போதும்.

படி 1: இரண்டு எண்களைப் பிடியுங்கள்

அணுவின் நடுவில் உட்கரு, அதற்குள் புரோட்டானும் நியூட்ரானும், வெளியே எலக்ட்ரான்கள். வெளியே இருக்கும் எலக்ட்ரான்களை இன்றைக்கு மறந்துவிடலாம், அவை வேதியியல் பாடத்துக்கு வேண்டியவை. நாம் பார்க்கப்போவது முழுக்க உட்கருவின் சமாச்சாரம். புரோட்டான்களை மட்டும் எண்ணினால் அணு எண். நியூட்ரான்களையும் சேர்த்தால் நிறை எண். தனிமத்தின் பெயரை முடிவு செய்வது அணு எண் மட்டும்தான்: 90 என்றால் தோரியம், 88 என்றால் ரேடியம், நியூட்ரான் எத்தனை இருந்தாலும் சரி. நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறினால் அதே தனிமத்தின் வேறொரு ஐசோடோப்பு.

தாளின் உச்சியில் எழுதுங்கள்: தோரியம், நிறை எண் 232, அணு எண் 90. (நியூட்ரான் எத்தனை? 142.)

படி 2: விதிகள் இரண்டே இரண்டு

ஆல்பா துகள் என்பது ஹீலியம் உட்கரு, அதாவது இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான். அது வெளியேறினால் நிறை எண்ணில் 4 போகும், அணு எண்ணில் 2 போகும்.

பீட்டாவில்தான் பாதிப் பேர் சறுக்குவார்கள். பீட்டா துகள் என்பது ஓர் எலக்ட்ரான், அது வெளியேறுகிறது என்று படித்ததும் எதையோ கழிக்கக் கை பரபரக்கும். ஆனால் அந்த எலக்ட்ரான் வெளிக்கூட்டிலிருந்து வந்ததே இல்லை. உட்கருவுக்குள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது, அப்போது புதிதாகப் பிறக்கும் எலக்ட்ரான்தான் வெளியே பாய்கிறது. புரோட்டான் ஒன்று கூடிவிட்டதால் அணு எண் 1 ஏறும். மொத்தத் துகள்கள் அதே அளவு என்பதால் நிறை எண் மாறாது.

சிதைவோடு சேர்ந்து வரும் காமா கதிர் வெறும் ஆற்றல். இரண்டு எண்ணும் அப்படியே இருக்கும்.

படி 3: இறங்க ஆரம்பியுங்கள்

எந்த இடத்தில் ஆல்பா, எந்த இடத்தில் பீட்டா என்பதைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள், அதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. தோரியத்துக்கு முதலில் ஆல்பா: 228, 88. அட்டவணையில் 88 ரேடியம். அடுத்து பீட்டா: 228, 89, ஆக்டினியம். இன்னொரு பீட்டா: 228, 90. பாருங்கள், மறுபடியும் தோரியமே வந்துவிட்டது, ஆனால் 4 நியூட்ரான் குறைந்த தோரியம்!

இனி வரிசையாக நான்கு ஆல்பா: ரேடியம்-224, ரேடான்-220, பொலோனியம்-216, காரீயம்-212. காரீயம் வந்துவிட்டதே என்று பென்சிலை வைத்துவிடாதீர்கள், இது நிலையில்லாத காரீயம். பீட்டா, பிஸ்மத்-212. பீட்டா, பொலோனியம்-212. கடைசி ஆல்பா, காரீயம்-208. இது நிலையானது, தொடர் முடிந்தது.

(பிஸ்மத்-212இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவை முதலில் ஆல்பாவை விட்டு, தாலியம்-208 வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். போய்ச் சேருவது அதே காரீயம்-208தான்.)

படி 4: சரிபாருங்கள்

பொதுத்தேர்வுக்கும் இந்தக் குறுக்குவழி உதவும். நிறை எண்ணை மாற்றுவது ஆல்பா மட்டுமே. 232 கழித்தல் 208 என்றால் 24, அதை 4ஆல் வகுத்தால் 6 ஆல்பா. ஆறு ஆல்பாவும் அணு எண்ணை 12 குறைத்திருக்க வேண்டும், ஆனால் 90இலிருந்து 82க்கு 8தான் குறைந்திருக்கிறது. விடுபட்ட 4ஐ ஏற்றிவிட்டது பீட்டா, ஆகவே 4 பீட்டா. உங்கள் தாளில் எண்ணிப் பாருங்கள்.

படி 5: பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள்

இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் நேரம்தான் அரை ஆயுட்காலம். தோரியம்-232க்குச் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். பூமியின் வயதே சுமார் 450 கோடி ஆண்டுகள்தான், அதனால் பூமி உருவானபோது இருந்த தோரியத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ரேடியம்-224க்கு மூன்றரை நாளுக்குச் சற்று மேல். ரேடான்-220க்கு வெறும் 56 வினாடி. பொலோனியம்-212 ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது.

அந்த 56 வினாடிக்கு ஒரு பெருமை உண்டு. 1900இல் கனடாவின் மான்ட்ரியலில் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு தோரியத்திலிருந்து வரும் வாயு ஒன்றை ஆராய்ந்தார், அதன் கதிரியக்கம் சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாவதைக் கண்டார். அரை ஆயுட்காலம் என்ற கருத்தே அங்கிருந்துதான் வந்தது. அந்த வாயுதான் நாம் எழுதிய ரேடான்-220.

சரி, இப்போது நீங்களே ஒன்று போடுங்கள். யுரேனியம்-238, அணு எண் 92, கடைசியில் காரீயம்-206 ஆகிறது. எத்தனை ஆல்பா, எத்தனை பீட்டா? 8, 6 என்று வந்தால் சரி. வேறு எண் வந்தால் பீட்டாவுக்கு 1ஐக் கூட்டாமல் கழித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.